காப்பீட்டுத் தரகர்: கடலூர், புதுச்சேரிக் கடைக்காரர்கள் என்னிடம் கேட்பவை

நான் காப்பீடு விற்பவன் அல்ல. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கடைகளுக்குக் கணக்கு எழுதுவதும் ஜிஎஸ்டி தாக்கல் செய்வதும் என் பிழைப்பு. வாரத்தில் இரண்டு நாள் புதுச்சேரிக்கும் போய் வருகிறேன். ஆண்டு முடிவில் கோப்பைப் புரட்டினால் எங்காவது ஒரு பிரீமியம் ரசீது கிடைக்கும். "இது எதற்குக் கட்டியது?" என்று கேட்டால் கடைக்காரர்களில் பாதிப் பேர் விழிப்பார்கள். 2011 டிசம்பர் 30 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் என்று ஒவ்வோர் அடிக்கும் பிறகு என்னிடம் கேள்விகள் கூடிக்கொண்டே போயின. ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

தரகர், ஏஜென்ட் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. குழப்பம் எல்லாம் இங்கேதான் தொடங்குகிறது.

ஏஜென்ட் காப்பீட்டுக் கம்பெனியின் ஆள். சட்டப்படி அவர் ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி, கடை, வண்டி போன்றவற்றுக்கான ஒரு பொதுக் காப்பீட்டுக் கம்பெனி, ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி ஆகியவற்றுக்குத்தான் வேலை பார்க்கலாம். அவர் பையில் இருப்பதைத்தான் அவர் காட்ட முடியும். அது அவர் குற்றமல்ல. தரகர் உங்கள் ஆள். எந்தக் கம்பெனியின் பாலிசியையும் எடுத்து வந்து ஒப்பிட்டுக் காட்டவும், நட்டம் வந்தால் உங்கள் பக்கம் நின்று பேசவும் அவருக்குக் கடமை உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018இல் வெளியிட்ட தரகர் விதிகள் இதைத்தான் சொல்கின்றன. அந்த விதிகளின்படி, வாடிக்கையாளர்களிடம் நேரடியாகத் தொழில் செய்யும் தரகர் நிறுவனம் குறைந்தது 75 லட்ச ரூபாய் மூலதனம் காட்ட வேண்டும். தன் தவறால் வாடிக்கையாளருக்கு நட்டம் வந்தால் ஈடுகட்ட, தனக்கென்று ஒரு பொறுப்புக் காப்பீடும் எடுத்திருக்க வேண்டும்.

தரகர் என்ற சொல்லே நம் ஊரில் பலருக்கு ஆகாது. மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, அந்த நினைப்புத்தான் வருகிறது. காப்பீட்டில் துண்டுக்கு அடியில் பேசுகிறவர் தரகரே அல்ல. எந்தக் கம்பெனி என்ன விலை சொன்னது, எதை விலக்கியது என்று எழுத்தில் மேசைமேல் வைக்க வேண்டியது அவர் வேலை.

அவருக்கு நான் தனியாகப் பணம் தர வேண்டுமா?

கடை, வீடு, வண்டி, மருத்துவம் போன்ற சாதாரணப் பாலிசிகளுக்கு வேண்டாம். பாலிசி போட்ட கம்பெனி அவருக்குக் கமிஷன் கொடுக்கிறது. "அப்படியானால் கமிஷன் அதிகம் தரும் கம்பெனியைத்தானே தள்ளுவார்?" என்று கேட்பீர்கள். நியாயமான சந்தேகம். அதனால்தான் குறைந்தது மூன்று கம்பெனிகளின் கோட், அதாவது விலைப்புள்ளி, எழுத்தில் வேண்டும் என்று சொல்கிறேன். ஏன் இந்தக் கம்பெனி என்ற காரணத்தையும் அவர் எழுதித் தரட்டும். காரணத்தை வாயால் மட்டும் சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கமிஷனில் பாதியைத் திருப்பித் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். காப்பீட்டுச் சட்டம் 1938, பிரிவு 41 அதைத் தடை செய்கிறது. மீறினால் பத்து லட்ச ரூபாய் வரை அபராதம். கொடுப்பவருக்கு மட்டுமல்ல, ஏற்றுக்கொள்பவருக்கும் இந்தத் தடை உண்டு. "முதல் பிரீமியத்தை நானே கட்டிவிடுகிறேன்" என்று ஆயுள் காப்பீட்டில் நடப்பதும் இதே கதைதான். சட்டத்தை விடுங்கள், கணக்கையே பாருங்கள். தன் கூலியில் பாதியை உங்களுக்குக் கொடுத்துவிட்டவர், மழை நாளில் உங்கள் கிடங்கு வாசலில் வந்து நிற்க என்ன அவசியம்?

உண்மையிலேயே தரகரா என்று எப்படிப் பார்ப்பது?

பதிவு எண்ணைக் கேளுங்கள். ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு பெற்ற தரகர்களின் பட்டியல் இருக்கிறது. அதில் பெயரைத் தேடி, பதிவு நடப்பில் இருக்கிறதா, எந்த வகைக்கு அனுமதி என்று பாருங்கள். பொதுக் காப்பீட்டுக்கு மட்டும் அனுமதி பெற்றவர் ஆயுள் பாலிசி விற்க முடியாது.

கடலூர் போன்ற ஊரில் இன்னொன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே "நான் இன்சூரன்ஸ் புரோக்கர்" என்று சொல்பவர்களில் பலர் தரகர் நிறுவனம் நடத்துபவர்கள் அல்லர். ஏதோ ஒரு தரகர் நிறுவனத்தின் கீழ் குறுகிய பயிற்சி பெற்று, எளிய பாலிசிகளை மட்டும் விற்க அனுமதி பெற்ற விற்பனையாளர்கள். அதில் தவறில்லை, நல்லவர்களும் இருக்கிறார்கள். ஆனால் எந்த நிறுவனத்தின் கீழ் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குப் பொறுப்பு சொல்ல வேண்டியது அந்த நிறுவனம்தான்.

இப்போதே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. உங்களிடம் இருக்கும் பாலிசியின் முதல் பக்கத்தை எடுங்கள். இடைநிலையாளர் என்ற இடத்தில் யார் பெயரும் குறியீடும் இருக்கின்றன என்று பாருங்கள். பல ஆண்டாக உங்களிடம் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகும் அந்த மனிதரின் பெயர் அங்கே இல்லாமலும் இருக்கலாம். "நேரடி" என்று அச்சாகியிருந்தால் அந்தப் பாலிசியில் அவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை.

ஆள் உள்ளூரிலேயே இருக்க வேண்டுமா?

சட்டப்படி வேண்டியதில்லை. சென்னையில் பதிவு பெற்றவர் புதுச்சேரியிலும் தொழில் செய்யலாம், கடலூரிலும் செய்யலாம். என் அனுபவத்தில், வண்டிக்கும் மருத்துவத்துக்கும் ஆள் எங்கே இருந்தாலும் பரவாயில்லை. கடைக்கும் கிடங்குக்கும் தொழிற்கூடத்துக்கும் காலால் வந்து பார்க்கக்கூடியவர் வேண்டும். கடலூர் சிப்காட்டிலோ புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையிலோ இருக்கும் ஒரு பட்டறையைச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு போனில் விசாரித்துப் பாலிசி போட்டால், மின்பெட்டிக்குக் கீழே அட்டைப்பெட்டி அடுக்கியிருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

எல்லாவற்றுக்கும் தரகர் தேவையா?

இல்லை. வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் எடுக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டுக்கும், 436 ரூபாய் எடுக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் யாரும் வேண்டாம். வங்கியில் ஒரு படிவம் போதும். இரண்டுமே இரண்டு லட்ச ரூபாய்க்கானவை. பழைய ஸ்கூட்டருக்கு மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு வரும் சேதத்துக்கானது, மட்டும் எடுப்பதற்கும் தரகர் தேவையில்லை. அந்தப் பிரீமியத்தை அரசே நிர்ணயிக்கிறது, யாரிடம் வாங்கினாலும் ஒரே விலைதான். அதில் குறைத்துத் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால் அவர் மற்றதிலும் பொய் சொல்வார்.

சரக்கு, கட்டடம், இயந்திரம், வேலையாட்கள், குடும்ப மருத்துவம் இவற்றுக்குத் தரகர் வேண்டும்.

முதல் சந்திப்பில் அவரிடம் நான் என்ன கேட்க வேண்டும்?

கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். நான் தரகர்களை எடைபோடும் வழி இது ஒன்றுதான்.

வந்து உட்கார்ந்ததும் "எவ்வளவுக்குப் போட?" என்று கேட்பவரை அனுப்பிவிடலாம். நல்லவர் முதலில் நடப்பார். எனக்குத் தெரிந்த ஒரு தரகர், லாரன்ஸ் ரோட்டில் நோட்டுப் புத்தகம், காகிதம் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரிடம் வந்தார். கடையில் கால் மணி நேரம் பேசிவிட்டு, "சரக்கு முழுக்க இங்கேயா இருக்கிறது?" என்றார். செம்மண்டலம் பக்கம் ஒரு கிடங்கு இருப்பதாக முதலாளி சொன்னார். "போய்ப் பார்க்கலாமா?" என்று ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டார். கிடங்கின் தரை ரோட்டைவிட ஒரு படி தாழ்வு. ரோடு போடப் போட உயர்ந்திருக்கிறது, கிடங்கு அப்படியே நின்றுவிட்டது. கட்டுகள் தரையிலேயே அடுக்கியிருந்தன. அவர் காலணியின் நுனியால் கீழ்க்கட்டைத் தட்டிக் காட்டி, "இதற்கு அடியில் முதலில் பலகை போடுங்கள். பாலிசியை அப்புறம் பேசலாம்" என்றார். பிறகுதான் கேள்விகள். பள்ளி திறக்கும் மே, ஜூன் மாதங்களில் சரக்கு எவ்வளவு ஏறும்? கணக்கு எந்தக் கணினியில் இருக்கிறது, அதன் நகல் எங்கே இருக்கிறது? கட்டடம் சொந்தமா, வாடகையா? இரவில் யாராவது தங்குகிறார்களா? வங்கிக் கடன் உண்டா? அந்தக் கிடங்கு பிறகு என்ன ஆயிற்று என்பதைக் கீழே சொல்கிறேன்.

வங்கியே காப்பீடு எடுத்துவிட்டதே, பிறகு தரகர் எதற்கு?

சரக்கை ஈடாக வைத்துக் கடன் வாங்கியவர்கள் எல்லாரும் சொல்வது இது. வங்கி உங்கள் கணக்கில் பிரீமியத்தைக் கழித்துக்கொண்டு, தான் முகவராக இருக்கும் கம்பெனியில் பாலிசி போட்டுவிடும். அதன் நோக்கம் தன் கடனைக் காப்பது. உங்கள் சரக்கு முழுவதையும் காப்பது அல்ல. பெரும்பாலும் கடன் தொகைக்குத்தான் காப்பீடு இருக்கும். முகவரி கடன் வாங்கும்போது கொடுத்த முகவரி.

எனக்கே இதில் ஓர் ஆறாத எரிச்சல் உண்டு. நான் கணக்குப் பார்க்கும் ஒருவரின் பாலிசியில் கடை முகவரி மட்டும் இருந்தது. தண்ணீர் புகுந்தது வேறு தெருவில் இருந்த கிடங்கில். அந்தப் பாலிசியின் நகல்கூட அவர் கையில் இல்லை. நட்டம் வந்த பிறகுதான் வங்கியிலிருந்து மின்னஞ்சலில் வந்தது. பாலிசியில் இல்லாத இடத்துக்குக் கம்பெனி ஒரு ரூபாயும் தரவில்லை. பாலிசிப்படி பார்த்தால் அவர்கள் செய்தது தவறும் இல்லை. ஆண்டுதோறும் அந்த பிரீமியத்தைச் செலவுக் கணக்கில் எழுதியவன் நான். ஒரு முறையாவது பாலிசியைக் கேட்டு வாங்கிப் படித்தேனா என்றால் இல்லை.

வங்கி மூலம்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்களே தரகர் மூலம் எடுத்து, வங்கியின் பெயரையும் அதில் சேர்த்து, நகலை வங்கிக்குக் கொடுத்தால் போதும். புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வங்கியின் கணினி பிரீமியத்தைத் தானாகக் கழித்துவிடும்.

எவ்வளவு தொகைக்குப் போடுவது? குறைத்துப் போட்டால் பிரீமியம் மிச்சம்தானே?

மிச்சம் போலத் தெரியும். கணக்கு எப்படி என்று காட்டுகிறேன். உங்கள் சரக்கின் மதிப்பு 20 லட்சம். பாலிசி போட்டது 10 லட்சத்துக்கு. வெள்ளத்தில் போனது 4 லட்சம். "10 லட்சத்துக்குள்தானே, நாலும் வந்துவிடும்" என்று நினைப்பீர்கள். வராது. பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு செய்தீர்கள், ஆகவே நட்டத்திலும் பாதி, 2 லட்சம்தான் வரும். மீதிக்கு நீங்களே காப்பீட்டாளர் என்பது இதன் தத்துவம்.

2021 ஏப்ரல் 1 முதல் சிறு தொழில்களுக்கு இதில் ஒரு சலுகை வந்திருக்கிறது. ஓர் இடத்தில் மொத்த மதிப்பு 5 கோடி வரை உள்ளவர்களுக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா என்ற பாலிசி. 5 கோடிக்கு மேல் 50 கோடி வரை பாரத் லகு உத்யம் சுரக்ஷா. இவற்றில் சரியான மதிப்பைவிடக் காப்பீட்டுத் தொகையின் குறைவு 15 சதவீதத்துக்குள் இருந்தால் இந்த விகிதக் கணக்கைப் போட மாட்டார்கள். வீட்டுக்கு பாரத் க்ருஹ ரக்ஷா. பெயர்கள் வாயில் நுழையாது, ஆனால் பாலிசித் தாளில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெள்ளமும் புயலும் இவற்றில் அடக்கம்.

எந்தத் தொகையைச் சொல்வது என்று தெரியாவிட்டால் உங்கள் கணக்கரைக் கேளுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் ஸ்டாக் எவ்வளவு இருந்தது என்று அவரால் சொல்ல முடியும். மார்ச் 31 கணக்கை வைத்துத் தொகை போடாதீர்கள். வரிக்காக அன்றைக்குக் கடையை இளைக்க வைத்திருப்போம், உங்களுக்கே தெரியும்.

மூன்று கோட் வந்துவிட்டது. எதைப் பார்ப்பது?

விலையைக் கடைசியில் பாருங்கள். முதலில் விலக்குகள், அதாவது எதற்கெல்லாம் பணம் வராது என்ற பட்டியல். பிறகு ஒவ்வொரு கிளைமிலும், அதாவது இழப்பீடு கேட்கும்போதும், உங்கள் கையிலிருந்து போக வேண்டிய தொகை. மருத்துவப் பாலிசியில் அறை வாடகை வரம்பு. நாள் வாடகைக்கு வரம்பு வைத்த பாலிசியில் அதைவிட உயர்ந்த அறை எடுத்தால், வாடகை வித்தியாசம் மட்டுமல்ல, மருத்துவர் கட்டணம் முதலான மற்ற செலவுகளையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். ஒவ்வொரு பாலிசியோடும் வாடிக்கையாளர் தகவல் தாள் என்று இரண்டு மூன்று பக்கம் தர வேண்டும் என்பது விதி. முழுப் பாலிசியைப் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் அதையாவது படியுங்கள். வாங்கிய பிறகு மனம் ஒப்பவில்லை என்றால், ஆயுள், மருத்துவப் பாலிசிகளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம்.

முன்மொழிவுப் படிவத்தை (பாலிசி கேட்டுக் கொடுக்கும் விண்ணப்பம்) தரகர் தானே நிரப்பிக்கொள்கிறேன் என்கிறாரே?

நிரப்பட்டும். ஆனால் கையெழுத்துக்கு முன் ஒவ்வொரு வரியையும் உங்களுக்குப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய அறுவை சிகிச்சை எதையும் மறைக்காதீர்கள். "இதை எழுதினால் பிரீமியம் ஏறும், விட்டுவிடலாம்" என்று தரகரே சொன்னால் வேறு தரகரைப் பாருங்கள். ஜிப்மரில் பத்து ஆண்டுக்கு முன் பதிந்த புறநோயாளிச் சீட்டில்கூட "சர்க்கரை, ஐந்து ஆண்டாக" என்று எழுதியிருக்கும். கிளைம் வரும்போது அது எப்படியோ வெளியே வந்துவிடும்.

சொல்லிவிட்டு எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பணம் கிடைக்கத் தொடங்கும் வரை காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம்தான். 2024இல் 48லிருந்து குறைத்தார்கள். 60 மாதம் தொடர்ந்து கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்தார் என்ற காரணம் காட்டி மருத்துவக் கிளைமை மறுக்க முடியாது.

பணத்தை அவர் கையில் கொடுக்கலாமா?

கம்பெனியின் பெயரில் காசோலை, அல்லது கம்பெனி அனுப்பும் இணைப்பில் கட்டுங்கள். தரகரின் சொந்தக் கணக்குக்கு வேண்டாம். காப்பீட்டுச் சட்டம் 64 விபி பிரிவின்படி பிரீமியம் கம்பெனிக்குப் போய்ச் சேராமல் காப்பு தொடங்காது. "நாளைக்குக் கட்டிவிடுகிறேன் என்று சொன்னாரே" என்பது எந்த நீதிமன்றத்திலும் நிற்காது.

வெள்ளம் புகுந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

அந்தக் காகிதக் கிடங்குக்கே வருகிறேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. கடலூருக்கு அடி அதற்குப் பிறகுதான் விழுந்தது. சாத்தனூர் அணையைத் திறந்ததும் தென்பெண்ணை பெருகி, செம்மண்டலம் பக்கம் தண்ணீர் ஏறியது.

தண்ணீர் வடிந்ததும் முதலாளிக்கு முதலில் தோன்றியது கிடங்கைச் சுத்தம் செய்வது. எல்லாருக்கும் அதுதான் தோன்றும். நான்கு ஆட்களையும் ஒரு டிராக்டரையும் வரவழைத்துவிட்டார். தரகர் போனில், "ஒரு கட்டைக்கூட வெளியே எடுக்காதீர்கள், வந்துகொண்டிருக்கிறேன்" என்றார். வந்ததும் முதல் வேலையாகக் கம்பெனிக்கு மின்னஞ்சலில் நட்ட அறிவிப்பு அனுப்பினார், நேரத்தோடு. பிறகு சுவரைப் பார்த்தார். முழங்காலுக்குச் சற்று மேலே, சேறு பூசியது போல ஒரு கோடு. தச்சர் வைத்திருக்கும் அளவுநாடாவைத் தரையிலிருந்து அந்தக் கோடு வரை பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். நான்கு சுவரிலும் எடுத்தார். வாசலில் ரோடு, படி, பெயர்ப்பலகை மூன்றும் ஒரே படத்தில் வரும்படி இன்னொன்று. கீழ் அடுக்குக் கட்டுகள் ஊறிப் புடைத்து, கயிறு தெறித்துக் கிடந்தன. அவற்றை வகைவாரியாக எண்ணி ஒரு தாளில் எழுத வைத்து, முதலாளியிடமும் ஆட்களில் ஒருவரிடமும் கையெழுத்து வாங்கினார். நனையாத கட்டுகளை மட்டும் மேலே மாற்றச் சொன்னார். நட்டம் மேலும் கூடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் கடமை, அதையும் கம்பெனி கேட்கும்.

கிடங்கின் கணினி தண்ணீரில் போயிற்று. ஆனால் கணக்கின் நகல் என் அலுவலகத்தில் இருந்தது. அதை ஏற்பாடு செய்யச் சொன்னவரும் அவர்தான். நட்டத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தபோது ஸ்டாக் பட்டியல், கொள்முதல் பில்கள், ஜிஎஸ்டி தாக்கல் நகல், படங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. சரக்கின் மதிப்பு 22 லட்சம், காப்பீடு 20 லட்சம். குறைவு 15 சதவீதத்துக்குள் அடங்கியதால் விகிதக் கணக்கு வரவில்லை. நனைந்த காகிதத்தைப் பழைய காகித வியாபாரிக்கு விற்றால் வரக்கூடிய தொகையைச் சர்வேயர் கழித்தார். முதலில் அவர் கழித்தது அதிகம். தரகர் இரண்டு வியாபாரிகளிடம் எழுத்தில் விலை வாங்கிக் கொடுத்துக் குறைக்க வைத்தார்.

தரகர் செய்யக்கூடியது இவ்வளவுதான். கிளைமை அவர் அனுமதிக்க முடியாது. சர்வேயரை அமர்த்துவது கம்பெனி. அறிவிப்பு வந்த 24 மணி நேரத்துக்குள் அமர்த்த வேண்டும், சர்வேயர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024 விதிகள் சொல்கின்றன. ஊர் முழுக்க மூழ்கிய நேரத்தில் இந்த நாட்கள் இழுபடும். ஆனால் கெடுவைச் சொல்லிக் கேட்பதற்கு ஓர் ஆள் இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல.

கார் தண்ணீரில் நின்றுவிட்டது. அதற்கும் இதே முறையா?

கார் ஸ்டார்ட் ஆகிறதா என்று சாவியைத் திருகிப் பார்க்காதீர்கள். புதுச்சேரி ரெயின்போ நகரில் மழைக்காலந்தோறும் இதைச் செய்து இயந்திரத்தை உடைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தண்ணீர் புகுந்த இயந்திரத்தை இயக்கியதால் வந்த சேதத்தைச் சாதாரணப் பாலிசி ஏற்காது. இயந்திரப் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு எடுத்திருந்தால்தான் கிடைக்கும். இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள்.

கம்பெனி மறுத்துவிட்டது, அல்லது குறைத்துவிட்டது. அடுத்து?

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், பாலிசியின் எந்தப் பிரிவின்படி என்ற காரணத்தோடு. கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு முதலில் எழுதுங்கள். ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம், 155255 என்ற எண்ணிலும் சொல்லலாம். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்க முடியாததாக இருந்தாலோ, கம்பெனிக்கு வெளியே இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மன்) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். 50 லட்ச ரூபாய் வரை தீர்ப்பளிக்க அவருக்கு அதிகாரம் உண்டு. கம்பெனி மறுத்த ஓராண்டுக்குள் போக வேண்டும். தனி உரிமையாளர் கடைகளும் குறுந்தொழில்களும் அவரிடம் போக முடியும் என்பது பலருக்குத் தெரியாது. அதைவிடப் பெரிய நிறுவனங்கள் நுகர்வோர் ஆணையத்தைப் பார்க்க வேண்டும்.

கடலூர், புதுச்சேரி, காரைக்கால் மூன்றுக்கும் சென்னை அலுவலகம். மாஹேயில் கிளை வைத்திருப்பவர்கள் கொச்சிக்கும், ஏனாம்காரர்கள் ஹைதராபாதுக்கும் போக வேண்டும். ஒரே யூனியன் பிரதேசம், மூன்று குறைதீர்ப்பாளர்கள்.

தரகர் மேலேயே குறை என்றால்?

2021 முதல் தரகர்களின் சேவைக் குறைகளையும் அதே குறைதீர்ப்பாளர் விசாரிக்கிறார். அதற்கு அவர் உங்களுக்குச் சொன்னதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். பேசி முடித்ததும் "இன்று பேசியபடி" என்று தொடங்கி இரண்டு வரி மின்னஞ்சல் நீங்களே அனுப்பிவிடுங்கள்.

தரகரை மாற்றலாமா?

தாராளமாக. புதுப்பிக்கும்போது மாற்றுவது எளிது. புதியவருக்கு, உங்கள் சார்பில் கம்பெனிகளிடம் பேச அனுமதி தரும் கடிதம் ஒன்று கொடுங்கள். மருத்துவப் பாலிசியில் கம்பெனியையே மாற்றுவதென்றால் 45 நாள் முன்பே தொடங்குங்கள். காத்திருந்த மாதங்கள் புதிய கம்பெனிக்கும் கூடவே வரும். பழையவர் வருத்தப்படுவாரே என்று தயங்குவது நம் ஊர்க் குணம். கல்யாணப் பத்திரிகை வைக்க அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம், பாலிசியை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி உண்டா?

தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. கடைச் சரக்கு, கார், ஸ்கூட்டர் பாலிசிகளுக்கு 18 சதவீதம் உண்டு. சரக்குப் பாலிசிக்குக் கட்டிய வரியை வழக்கமான முறையில் ஜிஎஸ்டி பதிவு பெற்றவர்கள் உள்ளீட்டு வரவாக எடுக்கலாம், அதாவது தாங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். பாலிசியில் உங்கள் ஜிஎஸ்டி எண் சரியாக அச்சாகியிருக்க வேண்டும். முதலாளியின் சொந்தக் காருக்குக் கட்டியதை எடுக்க முடியாது. அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஆண்டுதோறும் என்னிடம் கேட்காதீர்கள்.

எப்போது பேசத் தொடங்குவது?

ஆடி முடிந்ததும். வங்கக் கடலில் புயல் சின்னம் என்று வானிலை மையம் சொன்ன பிறகு போனால் எந்தக் கம்பெனியும் புதிய வெள்ளக் காப்பீட்டை ஏற்கத் தயங்கும். காகிதக் கடைக்காரரின் பாலிசி முன்பெல்லாம் டிசம்பர் முதல் வாரத்தில் முடியும், புயலுக்கு வாகாக. தரகர் அதைச் செப்டம்பருக்கு மாற்றி வைத்திருக்கிறார். கிடங்கில் இப்போது கட்டுகளுக்கு அடியில் பலகை இருக்கிறது.